கதிர்வீச்சுப் பாதுகாப்பை அளவுகோல்களின் வரலாறு வழியே கற்பிப்பது எப்படி

ரேடியோகிராஃபி டிப்ளமோ மாணவரிடம் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வருடாந்திர டோஸ் (உடல் வாங்கும் கதிரின் அளவு) வரம்பைக் கேட்டால், 20 மில்லிசீவெர்ட் என்று பதில் உடனே வரும். அந்த 20 எங்கிருந்து வந்தது, எந்தக் கருவி அதை அளக்கிறது, கருவியை எங்கே மாட்டினால் எண் பொய்யாகும் என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். விதியை மனப்பாடம் செய்தவருக்கு விதி மீறப்படும் இடம் கண்ணில் படாது. மருத்துவக் கதிர்வீச்சை மனிதர்கள் எப்படி அளந்து பழகினார்கள் என்ற வரிசையிலேயே பாடத்தை நடத்தினால் இந்தக் குறை பெருமளவு தீரும். ஒவ்வொரு அளவுகோலும் அதற்கு முந்தையது எதைக் காணத் தவறியதோ, அதைக் காண்பதற்காகப் பிறந்தது. தவறவிட்ட அந்த இடங்களில்தான் நம் இன்றைய விதிகள் நிற்கின்றன.

ஐந்து வகுப்புகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் வரலாறும் சோதனையும், கடைசியில் விதி. மாற்றி நடத்தினால் மாணவர் விதியை எழுதிக்கொண்டு மீதியைக் கேட்கமாட்டார்.

தயாரிப்பு

எக்ஸ்ரே அறையை நோயாளிகள் இல்லாத நேரத்தில், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரின் அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷர் கொடுக்கும்போது அறைக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. கருவியில் தெரியும் எண்ணைச் செல்போன் வீடியோவில் பதிவு செய்து, வெளியே வந்து பாருங்கள். "ஒரே ஒரு எக்ஸ்போஷர்தானே" என்று யாருடைய கையையும் கற்றையில் வைக்க விடாதீர்கள். அந்த வாக்கியத்தின் விலை என்ன என்பதுதான் முதல் வகுப்பே.

தேவையானவை: 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகள் பத்து, தண்ணீர் நிரப்பி நன்றாக மூடிய 20 லிட்டர் கேன் ஒன்று, டேப், தரச் சோதனைக்குப் பயன்படும் டோஸ்மீட்டர், அயனி அறை வகை (காற்று அயனியாவதை வைத்து அளக்கும்) சர்வே மீட்டர், பல் எக்ஸ்ரே ஃபிலிம் எட்டு, லெட் ஏப்ரன், ஒரு கண்ணாடி பாட்டில்.

இரண்டு மீட்டர்கள் ஏன் என்று மாணவர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். நேர்க்கற்றை மிகக் குறுகிய நேரத்தில் மிக வலுவாக வரும். 80 கே.வி. (குழாயின் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்), 10 எம்.ஏ.எஸ். (குழாய் மின்னோட்டம் × நேரம், மில்லிஆம்பியர்-நொடியில்) எக்ஸ்போஷரில் 100 சென்டிமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 0.6 மில்லிகிரே, அதுவும் பத்தில் ஒரு நொடிக்குள். கிரே என்பது உறிஞ்சப்படும் கதிர் ஆற்றலின் அலகு. மணிக்கு எவ்வளவு என்று மாற்றினால் அது 20 கிரேவைத் தாண்டும். சர்வே மீட்டர் அதில் திணறிவிடும். அது சிதறல் கதிருக்கானது, நேர்க்கற்றைக்கு டோஸ்மீட்டர்தான். கைகர் குழாயைக் கொண்டு வந்துவிடாதீர்கள். துடிப்பாக வரும் எக்ஸ்ரேயில் அது நிறைந்துபோய்க் குறைவாகவே காட்டும். ஆபத்து அதிகமான இடத்தில் குறைந்த எண்ணைக் காட்டுகிற கருவி, கருவியே இல்லாததைவிட மோசம்.

முதல் வகுப்பு: கை

1895 நவம்பர் 8 அன்று வூர்ட்ஸ்பர்க்கில் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டார். அடுத்த பல ஆண்டுகளுக்குப் பயன்பட்டவை வாயுக் குழாய்கள். உள்ளே இருக்கும் வாயு அழுத்தம் குழாய் ஓட ஓட மாறும், அதோடு கதிரின் ஊடுருவும் திறனும் மாறும். நோயாளியைப் படுக்க வைக்கும் முன் குழாய் இன்று எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! ஆபரேட்டர் தன் கையை ஒளிர்திரைக்கு முன்னால் பிடித்து, எலும்பு எவ்வளவு கருமையாகத் தெரிகிறது என்று பார்த்தார். ஒரு நாளைக்குப் பலமுறை, வருடக்கணக்காக. முதல் அளவுகோல் அவர்களின் கையே. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904-ல் இறந்தார், எடிசன் எக்ஸ்ரே ஆய்வையே கைவிட்டார். ஃபிலடெல்ஃபியாவின் மிஹ்ரான் கஸாபியன் தன் கைகள் அழிவதைத் தானே புகைப்படமாக எடுத்து வைத்து, 1910-ல் இறந்தார். படம் காட்டுவதாக இருந்தால் ஒன்று போதும். பெயரையும் வேலையையும் சொல்லிக் காட்டுங்கள், அதிர்ச்சிக்காக வரிசையாகக் காட்டாதீர்கள்.

கைக்குப் பதிலாக ஒரு தகடு போதும் என்று 1902 வாக்கிலேயே பிரெஞ்சு இயற்பியலாளர் பெனுவா காட்டினார். நடுவில் 0.11 மில்லிமீட்டர் வெள்ளி வட்டு, சுற்றிலும் 1 முதல் 12 மில்லிமீட்டர் வரை அலுமினியப் படிகள். எந்தப் படியின் நிழல் வெள்ளியின் நிழலுக்குச் சமமோ அதுவே கதிரின் கடினம். இதை அப்படியே செய்துபார்க்க முயலாதீர்கள். இன்றைய குழாயில் ஃபில்டர் இருப்பதால் மென்கதிர் வடிந்து, வெள்ளியோடு ஒப்பிடும் எண் 12-ஐத் தாண்டிப் போய்விடும். அதன் இன்றைய வாரிசான பாதித்தடிமனை, அதாவது கதிரைப் பாதியாகக் குறைக்கும் அலுமினியத் தடிமனை, அளந்து பாருங்கள்.

டோஸ்மீட்டரைக் குழாயிலிருந்து 100 சென்டிமீட்டரில் வையுங்கள். 80 கே.வி., 20 எம்.ஏ.எஸ். வைத்துத் தகடு இல்லாமல் ஒரு அளவு. பிறகு குழாய்க்கும் மீட்டருக்கும் நடுவில் ஒவ்வொரு தகடாகச் சேர்த்து, எண் பாதியாகும் வரை. நல்ல இயந்திரத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டரில் பாதியாகும். 80 கே.வி.க்கு 2.3 மில்லிமீட்டர் என்பது நெடுநாள் புழக்கத்தில் இருந்த சர்வதேசக் குறைந்தபட்சம். அதற்குக் கீழே போனால் குழாயில் ஃபில்டர் விட்டுப்போயிருக்கலாம், நோயாளியின் தோல் மென்கதிரைத் தேவையில்லாமல் வாங்குகிறது.

தவறும் இடங்கள் இரண்டு. தகட்டை மீட்டருக்கு மேலேயே வைத்தால் தகட்டின் சிதறலும் சேர்ந்து பதிவாகும். ஹார்டுவேர் கடை அலுமினியத்தில் வேறு உலோகங்கள் கலந்திருக்கும், அதனால் பாதித்தடிமன் உண்மையைவிடக் குறைவாக வரும். பாடத்துக்கு அது போதும், தரச் சான்றுக்குத் தூய அலுமினியம் வேண்டும்.

இரண்டாம் வகுப்பு: வில்லை

இந்த வகுப்புக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். இதில் புரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

1904-ல் பாரிஸில் சபுரோவும் நுவாரேயும் பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய சிறு வில்லை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். கதிர் பட்டால் பச்சை மெல்லப் பழுப்பை நோக்கி நகரும். குறித்த சாயலை எட்டியதும் நிறுத்த வேண்டும். குழந்தைகளின் தலைப் படர்தாமரைக்கு முடி உதிரச் செய்வதற்கான அளவு அது. வில்லையைத் தோலில் வைப்பதில்லை. குழாயில் கதிர் பிறக்கும் இடத்துக்கும் தோலுக்கும் நடுப்புள்ளியில், பாதித் தூரத்தில் வைப்பார்கள். பாதித் தூரத்தில் கதிர் நான்கு மடங்கு. எனவே வில்லை நிறம் மாறும்போது தோலுக்கு அதில் கால் பங்குதான் போயிருக்கும்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். தோல் 15 சென்டிமீட்டரில், வில்லை 7.5-ல் இருக்க வேண்டும். ஆபரேட்டர் ஒரு சென்டிமீட்டர் தவறி 8.5-ல் வைத்துவிட்டார். வில்லைக்குப் போகும் கதிர் 22 சதவீதம் குறைகிறது. அவரோ நிறம் மாறும் வரை காத்திருப்பார். தோலுக்கு 28 சதவீதம் கூடுதலாகப் போய்விடும். தற்காலிகமாக உதிர வேண்டிய முடி திரும்ப முளைக்காமலே போக அவ்வளவு தவறு போதும். அத்தோடு வில்லை குழாயின் சூட்டுக்கும் மாறும், பகல் வெளிச்சம் பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும், விளக்கொளியில் ஒரு சாயலாகவும் ஜன்னலோரம் வேறு சாயலாகவும் தெரியும்.

பிறகு அறைக்குள் அதே தலைகீழ் இருமடி விதியை அளந்து பாருங்கள். 80 கே.வி., 10 எம்.ஏ.எஸ்., தூரம் 50, 100, 200 சென்டிமீட்டர். நூறில் 0.60 மில்லிகிரே வந்தால் ஐம்பதில் 2.4, இருநூறில் 0.15 வர வேண்டும். பெரும்பாலான குழுக்களுக்கு இது முதல் தடவை வராது. டேப்பைக் கோலிமேட்டரின் (குழாய்க்குக் கீழே கற்றையின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கீழ்முகத்திலிருந்து பிடித்திருப்பார்கள். கதிர் பிறக்கும் குவியப்புள்ளி அதற்கும் மேலே, குழாய் உறையில் குறி போட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது. 25 சென்டிமீட்டர் இப்படி விட்டுப்போனால் 50-க்கும் 100-க்கும் இடையே நான்கு மடங்குக்குப் பதிலாக 2.8 மடங்குதான் கிடைக்கும். பிழையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மாணவரே குறியைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். வில்லையைத் தவறான இடத்தில் வைத்தவர் செய்த அதே பிழையைத்தான் தாங்களும் செய்திருக்கிறோம் என்று அப்போது உறைக்கும்.

வில்லை சரியாகவே வேலை செய்தால்கூட அது தோலை மட்டுமே கணக்கில் எடுத்தது. இஸ்ரேலில் 1940-களின் இறுதியிலிருந்து தலைப் படர்தாமரைக்காகக் கதிர்வீச்சு பெற்ற ஏறக்குறைய 11,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து மோடன் குழுவினர் 1974-ல் வெளியிட்ட ஆய்வு, மூளைக் கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் அவர்களிடம் கூடியிருப்பதைக் காட்டியது. பின்னாளில் மனித உடலைப் போன்ற போலி உருவத்தை வைத்து அளந்தபோது, கற்றைக்கு வெளியே இருந்த தைராய்டுக்கு ஏறக்குறைய 0.09 கிரே போயிருப்பது தெரிந்தது. சிகிச்சை கொடுத்த காலத்தில் அதை அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குழந்தையின் தலை எக்ஸ்ரே எடுக்கும்போது கோலிமேட்டரை இறுக்கிக் கழுத்தைப் புலத்துக்கு வெளியே வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் காரணத்தை இங்கே சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்பு: தோல் சிவப்பும் காற்றும்

வில்லைக்குப் பக்கத்திலேயே இன்னொரு அளவுகோல் இருந்தது: தோல் சிவக்கும் அளவு. 1920-ல் ஸைட்ஸும் வின்ட்ஸும் ஜெர்மனியில் அதை முறைப்படுத்தினார்கள். முதன்மைச் சிவப்பு தோன்றுவதற்குப் பத்து நாள் போல ஆகும். பத்து நாள் கழித்து எண் காட்டும் மீட்டர் யாருக்கு உதவும்? நம் தோல் நிறத்தில் சிவப்பைக் கண்ணால் பிடிப்பதே கடினம் என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே செய்யும் இடையீட்டுச் சிகிச்சை முடிந்து நோயாளியின் முதுகைப் பார்க்கும்போது "சிவக்கவில்லை" என்று இங்கே எழுதும் குறிப்பை நம்பி இருக்க முடியாது. எரிச்சல், கருத்தல், தொட்டால் சூடு இவற்றையும் கேட்டு எழுத வேண்டும்.

காற்றை அளவுகோலாக்கலாம் என்று வில்லார் 1908-ல் சொன்னார். 1913-ல் கூலிட்ஜ் குழாய் வந்து கதிரின் வலு நிலையானது. 1925-ல் லண்டனில் கூடிய முதல் சர்வதேச ரேடியாலஜி மாநாடு அலகுகளுக்கான குழுவை அமைத்தது. 1928-ல் ஸ்டாக்ஹோம் மாநாடு, காற்று எவ்வளவு அயனியாகிறது என்பதைச் சொல்லும் ரான்ட்ஜென்னை அலகாக ஏற்றது. பாதுகாப்புக்கான சர்வதேசக் குழுவும் அதே மாநாட்டில்தான் உருவானது. அளவும் பாதுகாப்பும் ஒரே கூட்டத்தில் பிறந்ததை மாணவர் குறித்துக்கொள்ளட்டும்.

சோதனைக்கு எலெக்ட்ராஸ்கோப் செய்யுங்கள். கண்ணாடி பாட்டிலின் மூடியில் துளையிட்டு, மெழுகு நிரப்பி, அதன் வழியே கனமான செப்புக் கம்பியை இறக்குங்கள். கீழ்முனையில் மெல்லிய அலுமினியத் தாளில் வெட்டிய இரண்டு கீற்றுகளைத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் சீப்பைத் துணியில் தேய்த்துக் கம்பியைத் தொட்டால் கீற்றுகள் விரியும். அறையில் வைத்து 80 கே.வி., 50 எம்.ஏ.எஸ். கொடுத்தால் காற்று அயனியாகிக் கீற்றுகள் சுருங்குவது வீடியோவில் தெரியும். கம்பி மெழுகைத் தாண்டி மூடியின் உலோகத்தைத் தொட்டால் மின்னேற்றம் நிற்கவே நிற்காது. கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் கதிர் இல்லாமலே கீற்றுகள் விழும். ஏசி அறையில் வைத்து, ஹேர் டிரையரால் மெழுகை உலர்த்திவிட்டுச் செய்யுங்கள். கதிர் இல்லாமல் எத்தனை நொடியில் விழுகிறது என்று முதலில் குறிப்பது கட்டாயம். பின்னணியைக் கழிக்கும் பழக்கம் இப்படித்தான் கைக்கு வரும்.

அயனி அறைக்குள் இருப்பது காற்று. சூட்டில் விரியும், உயரத்தில் மெலியும். திறந்த அறை கொண்ட எந்த மீட்டரிலும் எண்ணைத் திருத்த வேண்டும்: 273.2 உடன் அறை வெப்பநிலையைக் கூட்டி 293.2 ஆல் வகுத்து, அதை 1013 ÷ காற்றழுத்தம் என்பதோடு பெருக்குங்கள். 30 டிகிரி, 1005 ஹெக்டோபாஸ்கல் என்று இருக்கும் சென்னை அறைக்குத் திருத்தம் 1.04. அதே கருவியை ஊட்டிக்குக் கொண்டு போனால்? அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 775, வெப்பநிலை 18 என்று வைத்தால் திருத்தம் 1.30. திருத்தாவிட்டால் கருவி உண்மையில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான் காட்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. செல்போன் வானிலைச் செயலி காட்டும் அழுத்தம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். ஊட்டியிலும் அது 1013-ஐ ஒட்டியே காட்டும். அந்த எண்ணைப் போட்டால் திருத்தம் செய்த திருப்தி இருக்கும், 30 சதவீதப் பிழையும் அப்படியே இருக்கும். அறையிலேயே ஒரு பாரோமீட்டர் வேண்டும். மூடிய அறை கொண்ட மீட்டருக்கு இந்தத் திருத்தம் கிடையாது, எது எந்த வகை என்று கையேட்டில் பார்க்கப் பழக்குங்கள்.

நான்காம் வகுப்பு: திசு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். ரான்ட்ஜென் காற்றை மட்டுமே சொன்னது. அதே அளவு கதிர் எலும்பில் வேறு, கொழுப்பில் வேறு ஆற்றலை இறக்கியது. அதனால் 1953-ல் ராட் வந்தது, 1975-ல் கிரே வந்தது. ஒரு கிரே 100 ராட். கதிர் எந்த வகை, எந்த உறுப்பு எவ்வளவு பாதிக்கப்படும் என்பதையெல்லாம் சேர்க்கும் சீவெர்ட் 1979-ல் ஏற்கப்பட்டது. ஒரு சீவெர்ட் பழைய அலகில் 100 ரெம்.

மாணவர் இரண்டையும் குழப்புவார்கள். தோல் புண், முடி உதிர்தல், கண்புரை என்று நேரடித் திசுச் சேதத்தைப் பேசும்போது கிரே. முழு உடலுக்கான நீண்டகால அபாயத்தை வரம்போடு ஒப்பிடும்போது சீவெர்ட். 2 கிரேயில் தோல் தற்காலிகமாகச் சிவக்கத் தொடங்கலாம், 3 கிரேயில் முடி தற்காலிகமாக உதிரலாம். இதை "2 சீவெர்ட்" என்று எழுதும் விடைத்தாளுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துச் சமாதானம் செய்யாதீர்கள். நாளை அவர் கேத் லேபில் (எக்ஸ்ரே பார்த்து இதய இரத்தக் குழாய்ச் சிகிச்சை செய்யும் அறை) எந்த எண்ணைப் பார்த்து டாக்டரை எச்சரிக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு: சட்டைப் பை

பாஸ்டன் பல் மருத்துவர் வில்லியம் ராலின்ஸ் 1902-ல் ஒரு சோதனை சொன்னார்: ஒளிப்படத் தட்டு ஏழு நிமிடத்தில் மங்காவிட்டால் அந்தக் கதிர் தீங்கு செய்யாது. இன்றைய கணக்கில் அது ஒரு நாளைக்கு 10 ரான்ட்ஜென் அளவைச் சகித்த வரம்பு. இருந்தாலும் "இதற்கு மேல் வேண்டாம்" என்று எண்ணால் கோடு போட்ட முதல் முயற்சிகளில் அது ஒன்று.

அடுத்த கோட்டை மாணவர்களே கணக்கிடட்டும். 1925 வாக்கில் முட்ஷெல்லர், ஒரு மாதத்தில் சிவத்தல் அளவில் நூறில் ஒரு பங்கு தாங்கக்கூடியது என்றார். சிவத்தல் அளவு 600 ரான்ட்ஜென் என்றால் மாதத்துக்கு 6, நாளுக்கு 0.2. 1934-ல் சர்வதேசக் குழு பரிந்துரைத்தது அதே 0.2. வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 60 ரான்ட்ஜென், ஏறக்குறைய அரை கிரே. 1950-ல் வாரம் 0.3 ரெம், அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 150 மில்லிசீவெர்ட். 1958-ல் 50. 1990-ல் 20. இந்தியாவில் ஐந்து வருடச் சராசரி 20, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. தோல் சிவக்காமல் இருந்தால் போதும் என்ற காலத்திலிருந்து, வரம்பு இருபத்தைந்து மடங்குக்கும் மேல் கீழே வந்திருக்கிறது. 1927-ல் முல்லர் பழ ஈக்களில் கதிரால் மரபு மாற்றத்தைக் காட்டியது முதல், "இதற்குக் கீழே ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை தளரத் தொடங்கியதே காரணம்.

பல் ஃபிலிம் சோதனையை முதல் வகுப்பன்றே தொடங்கிவிடுங்கள், இப்போது கழற்றினால் முடிவு கையில் இருக்கும். ஒவ்வொரு ஃபிலிமிலும் ஒரு பேப்பர் கிளிப் மாட்டி, கதவின் வெளிப்புறம், கன்சோல் மேசை, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால், ஏப்ரன் தொங்கும் கம்பி என்று ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கழுவினால், எந்த ஃபிலிமில் கிளிப்பின் நிழல் தெரிகிறதோ, அதை ஒட்டிய இடத்துக்குக் கதிர் போயிருக்கிறது. இரண்டு ஃபிலிமைக் கட்டாயம் வேறு கட்டடத்தில் ஒப்பீட்டுக்கு வையுங்கள். காலாவதியான ஃபிலிமும் வெயில் படும் சுவரும் கதிர் இல்லாமலே மங்கலைத் தரும், கிளிப்பின் நிழல் மட்டும் இருக்காது.

பிறகு தண்ணீர் கேனை மேசையில் படுக்க வைத்து 80 கே.வி., 50 எம்.ஏ.எஸ். கொடுங்கள். ஒரு மீட்டர் பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைத்த சர்வே மீட்டர் சில மைக்ரோகிரே காட்டும். கேனின் மேல்முகத்தில் விழுந்ததில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. மீட்டர் மொத்த அளவைச் சேர்க்கும் நிலையில் இருக்க வேண்டும். வீத நிலையில் வைத்தால் முள் எழுவதற்குள் எக்ஸ்போஷர் முடிந்துவிடும். இரண்டு மீட்டருக்கு நகர்த்துங்கள், நடுவில் 0.25 மில்லிமீட்டர் ஏப்ரனைத் தொங்கவிடுங்கள், எண்களை எழுதுங்கள்.

கடைசியில் டி.எல்.டி. பேட்ஜ், பணியாளர் உடையில் மாட்டிக்கொள்ளும் டோஸ் அளவி. பழைய, சேவையில் இல்லாத ஒன்றைத் திறந்து காட்டுங்கள். உள்ளே டிஸ்ப்ரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட் டெஃப்லான் வில்லைகள் மூன்று: ஒன்றின் மேல் அலுமினியமும் செம்பும், ஒன்றின் மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. மூன்றின் விகிதத்திலிருந்து கதிரின் தன்மை தெரியும். சபுரோவின் வில்லை நிறத்தில் சொன்னதை, இவை சூடேற்றும்போது வெளிவரும் ஒளியில் சொல்கின்றன. சேவையில் இருக்கும் பேட்ஜை வகுப்புக்காகக் கற்றையில் வைத்துவிடக் கூடாது. அது ஒருவர் பெயரில் டோஸாக ஏறும், விசாரணையும் வரும். மார்பு உயரத்தில், ஏப்ரனுக்கு உள்ளே, பேட்ஜின் முன்பக்கம் உடலுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி மாட்டச் சொல்லுங்கள். பின்னணியைக் கழிப்பதற்காக வைக்கும் ஒப்பீட்டு பேட்ஜ் கதிர் இல்லாத அறையில் இருக்க வேண்டும். அதை எக்ஸ்ரே அறை அலமாரியில் வைத்தால் அதன் எண் எல்லோருடைய எண்ணிலிருந்தும் கழிந்துவிடும்.

தேர்வுக்கு மூன்று பதிவுகளைக் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் தவறு எங்கே என்று கேளுங்கள். மலை ஊர் மருத்துவமனையின் டோஸ்மீட்டர் அறிக்கை, அழுத்தம் 1012 என்று எழுதியிருக்கிறது. பாதித்தடிமன் 80 கே.வி.யில் 1.8 என்று ஒரு தரச் சோதனைத் தாள். கேத் லேபில் தினமும் நிற்கும் டெக்னீஷியனின் நான்கு காலாண்டு பேட்ஜ் எண்கள், நான்கும் சுழியம். மூன்றாவதற்கு "பாதுகாப்பாக வேலை செய்கிறார்" என்று எழுதும் மாணவரைத் திரும்ப அழைத்து, அந்த பேட்ஜ் வருடம் முழுக்க எந்த மேசை டிராயரில் கிடந்திருக்கும் என்று கேளுங்கள்.